'சாதி'யை எடுத்துவிட்டால் கட்டுரை ஏற்கப்படும்

"உங்கள் கட்டுரைச் சுருக்கம் நன்றாக இருக்கிறது. 'சாதி' என்று வரும் இடங்களில் எல்லாம் 'சமூகப் பொருளாதாரப் பின்னணி' என்று மாற்றி அனுப்பினால் ஏற்றுக்கொள்கிறோம். இது மொழி கற்பித்தல் பற்றிய மாநாடு என்பதை நினைவில் கொள்ளவும்."

ஆங்கில ஆசிரியர்களுக்கான ஒரு சர்வதேச மாநாட்டின் அமைப்பாளர்களிடமிருந்து எங்களுக்கு வந்த மின்னஞ்சல் இது. நடத்தியவர்கள் யார், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு இடம் மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும். எங்கே அனுப்பியிருந்தாலும் ஏறக்குறைய இதே பதில்தான் வந்திருக்கும் என்று, இந்தத் துறையில் பத்தாண்டுகளாக இருக்கும் எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத் துறைக் கௌரவ விரிவுரையாளர். ஒருவர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். ஒருவர் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. மூவர் வீட்டிலும் ஆங்கிலம் படித்த முதல் தலைமுறை நாங்கள்தான். வேங்கிக்காலில் ஒரு வாடகை அறையில் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே கண்டதைத்தான் கட்டுரையாக எழுதினோம்.

அப்படி என்ன கண்டோம்? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு என்றால் உலகம் முழுக்க முதல் பாடம் ஒன்றுதான்: உன்னை அறிமுகப்படுத்திக்கொள். என் பெயர் இன்னது, நான் இந்த ஊர், என் அப்பா இன்ன வேலை செய்கிறார், என் அம்மா இன்ன வேலை செய்கிறார். ஆறு வாக்கியம். எளிமையானது, யாரையும் காயப்படுத்தாதது என்று பாடநூல் எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த ஆறு வாக்கியத்தை வரிசையாகச் சொல்லி முடித்தால் சாதியைச் சொல்லி முடித்ததாக ஆகிவிடும். ஊர்ப் பெயரோடு நின்றால் போதாது, "எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். அப்பாவின் வேலையைச் சொன்னால் வகுப்பின் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கும். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில் முகவரி என்பது வெறும் முகவரி இல்லை.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. கதை சொல்லச் சொன்னால் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுவாள். அறிமுகம் என்றதும் வாயை மூடிக்கொள்வாள். "ஏம்மா, பேரையாவது சொல்லேன்" என்றால் பெயரோடு நின்றுவிடுவாள். பல நாள் கழித்துத்தான் சொன்னாள்: "ஸ்கூல்ல அம்மா வேலை என்னன்னு கேட்டாங்க மிஸ். ஹவுஸ் வைஃப்னு சொன்னேன். எங்கம்மா தெரு கூட்டுறத பார்த்த ஒருத்தி எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா." அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் முதன்முதலாகச் சொன்ன முழு வாக்கியம் ஒரு பொய். அதைச் சொல்ல வைத்தது யார்? எங்கள் கட்டுரையின் கேள்வி இதுதான்.

மொழி கற்பித்தல் துறையில் இந்த மௌனத்துக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள். கூச்சம் என்பார்கள், மொழிப் பதற்றம் என்பார்கள், தன்னம்பிக்கைக் குறைவு என்பார்கள். எல்லாமே பிள்ளையின் மனதுக்குள் இருக்கும் நோய்களாகவே இருக்கும். பிள்ளையைச் சுற்றி இருப்பதற்கு மட்டும் அவர்களிடம் பெயர் கிடையாது. நாங்கள் அதற்குப் பெயர் வைத்தோம். அந்தப் பெயரைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

இனி வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் எடுத்தோம்.

பதினேழு இடத்தில் இருந்தது. பதினேழையும் எடுத்துவிட்டு 'பின்னணி' என்று போட்டு அனுப்பினோம். ஏன் என்று கேட்பீர்கள். கட்டணம் கட்டியாயிற்று, விடுப்பு சொல்லியாயிற்று, எப்படியாவது உள்ளே போய்விட்டால் பேசும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. மதிப்பெண்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் கல்லூரி ஆசிரியர்களுக்கான ஆய்வு மதிப்பெண் பட்டியல் ஒன்று இருக்கிறது. மாநாட்டில் கட்டுரை வாசிப்பதற்கு அதில் விலை போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச மாநாடு என்றால் 7. உள்நாட்டிலேயே நடக்கும் சர்வதேச மாநாடு என்றால் 5. தேசிய அளவு 3. மாநில அளவு அல்லது பல்கலைக்கழக அளவு 2. கட்டுரை ஒன்றேதான். வாசிக்கும் ஆளும் அதே ஆள்தான். விமானம் ஏறினால் 7, பேருந்து ஏறினால் 2. அறிவுக்கு இல்லாத மதிப்பு பயணச்சீட்டுக்கு இருக்கிறது. யாரால் விமானம் ஏற முடியும் என்று இந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குத் தெரியாதா?

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். பன்னிரண்டாவது மாதம் அவருக்கு வயிறு இல்லை என்று அரசு நினைக்கிறது போலும். இங்கிலாந்தில் 1967-இல் தொடங்கிய ஐயாட்டெஃபெல், அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய டெசால் ஆகிய இரண்டும்தான் இந்தத் துறையின் பெரிய சர்வதேச அமைப்புகள். அவற்றின் ஆண்டு மாநாட்டுக்கு ஒரு முறை போய்வர விசா, விமானம், தங்குமிடம், பதிவுக் கட்டணம் என்று கூட்டிப்பாருங்கள். கௌரவ விரிவுரையாளரின் பல மாதச் சம்பளம் போய்விடும். அதனால் உள்ளூரிலேயே 'சர்வதேசம்' தயாராகிறது. வெளிநாட்டிலிருந்து இரண்டு பேரைத் திரையில் பேச வைத்துவிட்டால் சர்வதேசம். கட்டணம், சான்றிதழ், கோப்பு, மதிய உணவு, குழுப் படம். ஐந்து மதிப்பெண். அந்தக் கடையில்தான் நாங்களும் வரிசையில் நின்றோம்.

மாநாட்டில் கேட்டதைச் சொல்கிறோம். இரண்டு நாளும் எங்களைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கள் பெயர் மட்டும் வேறாக இருந்தது. கிராமப்புறக் கற்போர், முதல் தலைமுறைக் கற்போர், மெதுவாகக் கற்போர், வளம் குறைந்த வகுப்பறை என்று ஒவ்வொரு உரையிலும் வந்தோம். ஒவ்வொரு வரைபடத்திலும் ஏதோ ஒரு கம்பத்தில் குட்டையாக நின்றோம். மேடையில் மட்டும் இல்லை. எங்கள் அமர்வுக்கு மொத்தம் பதினோரு பேர். பேசும்போது நாங்கள் எடுத்த சொல்லை மறுபடியும் சேர்த்தோம். தலைமை வகித்த பேராசிரியர் அன்பாகத்தான் சொன்னார்: "தம்பி, பிரமாதமான டேட்டா. ஆனா இங்கிலீஷுக்குச் சாதி கிடையாது. அதையெல்லாம் ஏன் இதுக்குள்ள கொண்டு வர்றீங்க?" தேநீர் இடைவேளையில் அதே கூட்டத்திலிருந்து ஒருவர் எங்களிடம் வந்து மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்: நீங்கள் என்ன கம்யூனிட்டி?

ஆங்கிலத்துக்குச் சாதி கிடையாது என்று மேடையில் சொல்கிறவர்கள்தான், சாதியைக் கேட்பதற்கு ஆங்கிலத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

தோழர்களே, இந்தத் துறைக்குப் பாகுபாடு என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதற்காகவே ஒரு வெள்ளையரை வேலைக்கு எடுத்துக்கொண்டு, இந்தியரையோ கென்யரையோ ஒதுக்குவது அநீதி என்று டெசால் அமைப்பு 2006-இல் அதிகாரபூர்வமாக அறிக்கை வெளியிட்டது. சரியான அறிக்கை. நம் நாட்டு ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு அதில் மிகுந்த உற்சாகம். எங்கள் உச்சரிப்பை இழிவுபடுத்தாதே, எங்கள் ஆங்கிலமும் ஆங்கிலம்தான் என்று இலண்டனைப் பார்த்துச் சொல்வார்கள். ஊருக்குத் திரும்பி வகுப்பறைக்குள் நுழைந்ததும் 'இஸ்கூல்' என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து, "இது என்ன காலனி இங்கிலீஷ்?" என்பார்கள். வெள்ளைக்காரன் தங்களுக்குச் செய்தால் இனவாதம். தாங்கள் சேரிப் பிள்ளைக்குச் செய்தால் உச்சரிப்புப் பயிற்சி.

இந்தத் துறையின் அறிவுச் செல்வத்தில் நம் வகுப்பறைகளுக்குப் பங்கில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், பிள்ளைகளுக்குச் செய்ய ஒரு வேலையைக் கொடுத்து அதன் வழியாக மொழியைக் கற்கவைப்பது. பெங்களூர் திட்டம் என்று உலகம் முழுக்க அது பாடமாயிற்று. செயல்வழி மொழி கற்பித்தல் என்று இன்று வெளிநாட்டு வல்லுநர்கள் வந்து நமக்கே வகுப்பெடுக்கும் முறைக்கு முக்கியமான ஊற்றுகளில் ஒன்று அந்த வகுப்பறைகள். யாழ்ப்பாணத்திலிருந்து போன சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் காகிதத்துக்கே வழியில்லாத இடத்திலிருந்து ஆய்விதழ்களுக்கு எழுதுவது என்றால் என்ன என்பதையே ஆய்வாக எழுதினார். பிறகு டெசால் அமைப்பின் ஆய்விதழுக்கே ஆசிரியராக இருந்தார். விளிம்பிலிருந்து மையத்தைக் கேள்வி கேட்க முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. விளிம்புக்குள்ளேயே ஒரு விளிம்பு இருக்கிறது, அந்த விளிம்பில் சேரி இருக்கிறது என்பதுதான் நாங்கள் சேர்த்துச் சொல்ல வந்தது.

இதைப் படிக்கும் தோழர்களில் சிலர் வேறு பக்கத்திலிருந்து எங்களைக் கேட்பார்கள். ஆங்கிலமே காலனிய மொழிதானே, மெக்காலே கொடுத்த அடிமைக் கல்விதானே, அவர்கள் மாநாட்டில் போய் இடம் கேட்பது என்ன போராட்டம் என்று. தமிழ்ப் பற்றில் கேட்பவர்களும் உண்டு, இடதுசாரிக் கோட்பாட்டில் நின்று கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் நேராகவே பதில் சொல்கிறோம்.

மெக்காலே நம் நன்மைக்காக 1835-இல் அந்தக் குறிப்பை எழுதவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்பு இங்கே நமக்காக எந்தப் பாடசாலை திறந்திருந்தது? எந்தத் திண்ணைப் பள்ளியில் நம் பாட்டனை உட்கார வைத்தார்கள்? 1854-இல் வெளிவந்த தன் கவிதை நூலிலேயே ஆங்கிலம் படியுங்கள் என்று ஒடுக்கப்பட்டவர்களை அழைத்தார் சாவித்திரிபாய் பூலே. 2010-இல் உத்தரப்பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் 'ஆங்கில தேவி'க்குக் கோயில் எழுப்ப அடிக்கல் நாட்டினார்கள் தலித் மக்கள். அதைக் கேட்டுச் சிரித்த பத்திரிகையாளர்களின் பிள்ளைகள் எந்த வழிக் கல்வியில் படித்தார்கள்? தமிழை நாங்கள் விடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழின் பெயரில் தமிழன் என்ற சொல்தான் இருந்தது. நமக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பிடுங்காதீர்கள் என்கிறோம்.

வேங்கிக்காலில் வந்து பாருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் செங்கம், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலை என்று எங்கெங்கிருந்தோ மக்கள் மனுவோடு வந்து நிற்கிறார்கள். பட்டா, சுடுகாட்டுப் பாதை, சாதிச் சான்றிதழ். மனு தமிழில் இருக்கும். அதே வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போனால் ஆங்கிலம். தன்னை அடித்தவனுக்கு எந்தக் காரணத்துக்காகப் பிணை கொடுத்தார்கள் என்பதை அடிபட்டவர் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று நாங்களும் கேட்கிறோம். ஆனால் அது வரும்வரை எங்கள் பிள்ளைகளில் யாராவது அந்த உத்தரவைப் படிக்க வேண்டும் அல்லவா? இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், சுமார் 80 ஆண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான் காவல்துறைப் பாதுகாப்போடு போக முடிந்தது. கோயிலுக்கு இருக்கும் வாசல் கண்ணுக்குத் தெரிகிறது. மொழிக்கு இருக்கும் வாசல் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மாநாடு என்பதும் நமக்குப் புதிது இல்லை. 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது அண்ணல் அம்பேத்கர் ஆங்கிலத்தில் வாசித்த கட்டுரை எதைப் பற்றியது? இந்தியாவில் சாதிகள் பற்றி. தலைப்பிலேயே சாதி இருந்தது. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் போய் உட்கார்ந்து பேசியதும் ஆங்கிலத்தில்தான், சாதியைப் பற்றித்தான். அதே இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தன் வரலாற்றில் நினைவுகூர்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாம் பிராமணர்கள். ஊரும் குலமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று அஞ்சி, மற்ற பிள்ளைகளோடு பழகாமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார். நூற்றைம்பது ஆண்டுக்கு அருகில் ஆகிறது. வேங்கிக்கால் வகுப்பில் வாயை மூடிக்கொண்ட அந்தப் பிள்ளையும் அதற்குத்தான் அஞ்சுகிறாள். இதை 'மொழிப் பதற்றம்' என்றா எழுதுவது?

சொல்லை எடு என்று கேட்பதும் புதிது இல்லை. 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தது. சாதியை அங்கே பேசக்கூடாது, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு நின்றது. மாநாட்டின் இறுதி ஆவணத்தில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. ஆனால் தலித் செயற்பாட்டாளர்கள் திரளாகப் போய் உலகத்தின் காதில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த ஆண்டே, 2002-இல், இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. குழு வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதியது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடுப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. கலிபோர்னியாவுக்குக் கேட்டது நம் ஊர் மாநாட்டு அரங்குக்குக் கேட்கவில்லை.

1936-இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அண்ணலைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையில் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்று எழுதி அனுப்பினார். மாநாடே நின்றுபோனது. தன் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு அந்த உரையை வெளியிட்டார். அந்த நூலின் படத்தை எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சுவரின் கீழே உட்கார்ந்துதான் பதினேழு இடத்தில் சொல்லை அழித்தோம். அவர் ஒரு காற்புள்ளியைக் கொடுக்கவில்லை. நாங்கள் ஐந்து மதிப்பெண்ணுக்குச் சாதியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதனால்தான் இதை எழுதுகிறோம். நீங்களும் நாளை இதே மின்னஞ்சலைப் பெறுவீர்கள். ஆய்வு மாணவர்களாக இருப்பவர்களுக்கு நெறியாளர் வாய்மொழியாகவே சொல்லிவிடுவார். தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் 2022 வழிகாட்டுதலைப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க அரசு தரும் அந்தப் பணத்தில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகள் கூடாது என்று போட்டுவிட்டார்கள். கொலம்பியாவுக்குப் போகலாம், 1916-இல் அண்ணல் வாசித்ததைப் போன்ற ஒரு கட்டுரையை எழுதப் போகக்கூடாது. மாநாட்டு அமைப்பாளரின் மின்னஞ்சலும் ஒன்றிய அரசின் வழிகாட்டுதலும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

எங்கள் கோரிக்கைகள் இவை. ஆங்கில ஆசிரியர் மாநாடுகளில் கட்டுரைத் தலைப்புப் பட்டியலில் பாலினம், தொழில்நுட்பம் இருப்பதைப் போலச் சாதியும் ஒரு தலைப்பாக இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் பதிவுக் கட்டணம் கூடாது. அவர்கள் போகும் நாளை அரசு பணி நாளாகக் கணக்கிட்டு, பயணப்படி தர வேண்டும். மானியக் குழு தூரத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். அயல்நாட்டு உதவித்தொகையில் போட்ட தடையை நீக்க வேண்டும். அறிமுகப் பாடத்தில் பிள்ளையிடம் அப்பா, அம்மா தொழிலையும் தெருவையும் கேட்பதை ஆசிரியர்கள் இன்றே நிறுத்தலாம். அதற்கு அரசாணை தேவையில்லை. எங்கள் வகுப்பில் நிறுத்திவிட்டோம். பெயர், பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று. அவ்வளவுதான் இப்போது அறிமுகம்.

மாணவத் தோழர்களிடம் கேட்பது வேறு. மாநாடுகளைப் புறக்கணிக்காதீர்கள். புறக்கணித்தால் அங்கே நம்மைப் பற்றி நாம் இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். போங்கள். காசில்லை என்றால் நான்கு பேர் சேர்ந்து ஒருவரை அனுப்புங்கள். இலக்கணப் பிழை வந்தால் வரட்டும், அதைத் திருத்த ஆள் இருக்கிறது. எழுதிய சொல்லை மட்டும் எடுக்காதீர்கள். எடுக்கச் சொன்னால் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள், பொதுவில் வையுங்கள். ஏற்கவில்லை என்றால் நாமே அச்சிடுவோம், நாமே கூட்டம் போடுவோம்.

எங்கள் கட்டுரையைப் பதினேழு இடத்திலும் பழையபடி திருத்திவிட்டோம். அடுத்து அறிவிப்பு வந்திருக்கும் மாநாட்டுக்கு அதை அப்படியே அனுப்புகிறோம். இந்த முறை தலைப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆக மொத்தம் பதினெட்டு. நிராகரித்தால் வேங்கிக்கால் அறையிலேயே வாசிப்போம். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தலைமை வகிக்கட்டும். மதிப்பெண் எத்தனை என்று மானியக் குழு பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ஜெய்பீம்.